ஆபீசரின் வலது பக்கம்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

வெட்கத்தை விட்டு முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வாரமாக உங்கள் பூனையின் பாதியை மட்டும்தான் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இடது பாதி. வலது பாதியும் இருக்கிறது, பதற வேண்டாம். ஆனால் நாலு பேருக்குக் காட்டும்படியாக இல்லை. ஐம்பத்திரண்டு வயதில், சொந்தமாகப் போட்டோ ஸ்டூடியோ வைத்து, ஊரில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட்டில் என் கைவேலை இருக்கும் நிலையில், ஒரு பூனையின் விலாவை மறைக்க நான் பட்ட பாட்டை எழுத உட்கார்ந்தால் பேனாவுக்கே வியர்க்கிறது.

மரியாதையாகத் தொடங்க வேண்டிய கடிதம் இப்படித் தொடங்கியதற்கு மன்னிக்கவும். இங்கே நான், என் மனைவி, ஆபீசர் மூவரும் சௌக்கியம். சௌக்கியத்தின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அங்கே நீங்கள், அக்கா, மகள், மருமகன், பிறந்து ஐம்பது நாளான பேத்தி அத்தனை பேரும் எங்களைவிட நல்ல நிலையில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அக்கா குழந்தையைக் குளிப்பாட்டும் நேரமாகப் பார்த்துப் படித்தால் உத்தமம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். வேறு வழி இல்லை அத்தான். அக்கா போனுக்கு அடித்தால் அக்கா எடுக்கிறாள், உங்கள் போனுக்கு அடித்தாலும் அக்காதான் எடுக்கிறாள். உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பினால், ‘அவருக்குப் படிச்சுக் காட்டிட்டேன், சரின்னார்’ என்று பதில் வருகிறது. பேப்பர்கூட அவள்தான் படித்துக் காட்டுகிறாளாம், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ராஜா மாதிரி கேட்கிறீர்களாம். கொடுத்துவைத்தவர். என் வீட்டில் என் மனைவி எனக்குப் படித்துக் காட்டுவது மருந்துச் சீட்டில் நான் மறந்த வரிகளை மட்டும்தான். ஆனால் அக்காவிடம் ஒரு நல்ல குணம் உண்டு, அடுத்தவர் பெயர் போட்டு வந்த உறையைத் தொடமாட்டாள். அந்த ஒரு தைரியத்தில்தான் உறைமேல் உங்கள் பெயரை இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறேன்.

எனக்கு ஏன் இந்தப் பயம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஆனாலும் அக்கா எப்படிச் சொல்லியிருப்பாளோ, என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினோரு வயதில் அக்கா இரண்டு லவ் பேர்ட்ஸ் வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் எங்கேயோ கூட்டிப்போனார்கள் என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு நல்ல புழுக்கம். அதுகளுக்கும் காற்று வேண்டுமே என்று கூண்டுக் கதவைக் கொஞ்சம், ஒரு விரல் அளவுக்கு, திறந்துவைத்தேன். ஒன்று போனது. அதைக் கூட்டிவர இன்னொன்றும் போனது. அதிலிருந்து நாற்பத்தோரு வருஷமாக அக்கா என் கையில் எதையும் கொடுத்ததில்லை. உங்கள் கல்யாணத்தன்று ஆளுக்கொரு வேலை கொடுத்தாள், எனக்கு ‘நீ சும்மா உக்காரு’ என்கிற வேலை. உங்கள் வீட்டுக்கு வந்தால் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வரும், எனக்கு மட்டும் எவர்சில்வர். நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் கவனித்தேன்.

அப்படிப்பட்ட அக்கா இரண்டரை மாதத்துக்கு முன்னால் ரயில் நிலையத்தில் ஆபீசரின் கூடையை என் இரண்டு கையிலும் வைத்தாள். நீங்கள் அப்போது சட்டைப் பையைத் தடவி எதையோ தேடிக்கொண்டிருந்தீர்கள், அவள் ‘பெட்டிக்குள்ள இருக்கும், ஏறுங்க’ என்று உங்களை விரட்டிவிட்டு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: “உன்னை நம்பித்தான்டா விட்டுட்டுப் போறேன்.” அத்தான், எனக்கு அந்த நிமிஷம் எதிரே நின்ற வண்டியே தெரியவில்லை. போன மாதம் போனில் இன்னொன்று சொன்னாள். ‘பரவால்லடா, நல்லாத்தான் பாத்துக்கறே, வந்ததும் உனக்குக் கண்ணாடி டம்ளர்லயே தண்ணி தரேன்’ என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஸ்டூடியோவில் திரைக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்போது ஆபீசரின் வலது பக்கம் ஏற்கெனவே என் கைவரிசைக்கு ஆளாகி மூன்று வாரம் ஆகியிருந்தது.

வந்த நாளிலிருந்து சொல்கிறேன். நீங்கள் அவருக்கு ஆபீசர் என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று முதல் நாளே தெரிந்துபோயிற்று. கூடையிலிருந்து இறங்கியதும் அறை அறையாகப் போய் முகர்ந்து பார்த்தார், குளியலறையில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கே அந்த வாளியை மாற்ற வேண்டும் போலிருந்தது, கடைசியில் என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார், இன்றுவரை நான் ஸ்டூலில்தான் உட்காருகிறேன். பால் நிற உடம்பு, மூஞ்சியும் காதும் நாலு காலும் வாலும் மட்டும் கருங்காப்பி நிறம். என்ன மிடுக்கு, என்ன மினுமினுப்பு. தொழில் முறையில் சொல்கிறேன், ‘முகத்தை நேரா வைங்க, சிரிக்காதீங்க’ என்று நான் சொல்லாமலே கடைப்பிடித்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். தண்ணீரைக் கிண்ணத்தில் குடிக்கமாட்டார், குழாயை ஒழுகவிட்டால்தான் குடிப்பார். நான் குளிக்கப் போனால் வெளியே உட்கார்ந்து கதவுக்கு அடியில் ஒரு கையை நீட்டி நான் உள்ளே இருக்கிறேனா என்று சரிபார்ப்பார். சில நேரம் ஒன்றுமே இல்லாத சுவரைக் கால் மணி நேரம் உற்றுப் பார்ப்பார், நானும் பக்கத்தில் நின்று பார்ப்பேன், என் மனைவி இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவாள். மினுங்குகிற சாமான் எதையும் விட்டுவைப்பதில்லை, என் கேமராவின் மூடி, அவளுடைய கிளிப் எல்லாம் எங்கே போகிறது என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா எழுதிக் கொடுத்த குறிப்புத் தாளை நான் மரியாதையாக அன்றைக்கே ஃப்ரிஜ் கதவில் ஒட்டிவிட்டேன். ஒட்டுவது என் தொழில் என்பது உங்களுக்குத் தெரியும்; ஆல்பத்துக்குப் போடுகிற பசையைப் போட்டு, ரோலர் வைத்துத் தேய்த்து, ஒரு குமிழ்கூட இல்லாமல் ஒட்டினேன். ‘கூடை மெத்தையைத் துவைக்காதே, வாசனை மாறினா அவனுக்குத் தூக்கம் வராது’ என்று முதல் வரி. அந்த மெத்தையை நான் இன்றுவரை ஒரு விரலால்கூடத் தூக்கிப் பார்த்ததில்லை. ‘தினமும் காலைல சீவணும், இடது பக்கம் நாற்பது தடவை, வலது பக்கம் நாற்பது தடவை’ என்று கடைசி வரி. அங்கேதான் பிடித்தது சனி.

இடது பக்கம் சீவினால் ஆபீசர் கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் ஓடுகிற மாதிரி சத்தம் போடுவார். வலது பக்கம் சீப்பைக் கொண்டுபோனால் கண்ணைத் திறப்பார். கண்ணைத் திறப்பார் என்றுதான் என்னால் எழுத முடிகிறது, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் கையில் கட்டுப் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. மூன்று நாள் முயற்சி செய்தேன். நாலாம் நாள், இடது பக்கமே எண்பது தடவை சீவிவிட்டால் கணக்கு சரியாகிவிடுமே என்று எனக்குத் தோன்றியது. அக்கா போனில் ‘சீவறியாடா’ என்றாள், ‘எண்பது தடவை, அக்கா’ என்றேன். பொய் இல்லை பாருங்கள். பத்து நாளில் இடது பக்கம் பட்டுப் புடவை மாதிரி ஆயிற்று, வலது பக்கம் விலாவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சிக்கு. தொட்டுப் பார்த்தால் கட்டை மாதிரி இருந்தது. அதை இழுத்துக்கொண்டே ஆபீசர் நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிற மாதிரி எனக்குப் பட்டது.

இந்த இடத்தில் என் மனைவி தெளிவாகச் சொன்னாள் என்பதை அவள் வற்புறுத்தலின்பேரில் பதிவு செய்கிறேன். உங்க அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க என்றாள். நான் கேட்கவில்லை. கேட்டால் சீவவில்லை என்று தெரிந்துவிடும், தெரிந்தால் அக்கா ரயில் நிலையத்தில் வைத்த நம்பிக்கை போச்சு. என் மனைவி வேலைக்குக் கிளம்பிப் போகிறவரை காத்திருந்தேன். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள், யார் வாயைத் திறந்தாலும் பயப்படமாட்டாள், என் காரியம்தான் அவளுக்குப் பயம். அவள் போனதும் மழைக்கோட்டை மாட்டி, ஹெல்மெட்டைப் போட்டு, சமையலறைக் கையுறையைப் போட்டுக்கொண்டு, என் மீசையை ஒதுக்குகிற ட்ரிம்மரோடு பால்கனியில் ஆபீசரை எதிர்கொண்டேன். கீழ் வீட்டு டியூஷன் டீச்சர் துணி உலர்த்த வந்தவர், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வானத்தைப் பார்த்தார், துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதிசயம் என்னவென்றால் ஆபீசர் ட்ரிம்மருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது, தன் இனம் என்று நினைத்தாரோ என்னவோ, அசையாமல் படுத்தார். சிக்கு வந்துவிட்டது. ஆனால் எடுத்த இடம் மேடும் பள்ளமுமாக இருக்கவே ஓரங்களைக் கொஞ்சம் நேர்ப்படுத்தினேன், நேர்ப்படுத்தினதில் ஒரு பக்கம் அதிகமாகிவிட்டது, அதற்காக மறுபக்கத்தையும், கடைசியில் பார்த்தால் நாலு மூலையும் சுத்தமாக, சரியாக ஒரு போஸ்ட்கார்டு அளவு. படம் வெட்டிக் கை பழகிய அளவு அத்தான், அது தானாக வந்துவிடுகிறது. நல்லவேளை, கல்யாண ஆல்பத்து அளவுக்குப் போகவில்லை.

முடி என்றால் வளரும், அதற்குள் எதற்கு அக்காவைக் கலங்கவைக்க வேண்டும் என்றுதான் இடது பக்கப் படங்கள் ஆரம்பித்தன. ஆபீசர் சன்னலோரம், இடது பக்கம். ஆபீசர் நாற்காலியில், இடது பக்கம். ஆபீசர் நேராகப் பார்க்கிறார், உடம்பு இடது பக்கம். ஒரு தடவை அக்கா, ‘என்னடா எப்பவும் ஒரே பக்கமே’ என்றாள். வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்றேன். தொழில்காரன் சொன்னால் நம்புவார்கள், அவளும் நம்பினாள். நம்பினாள் என்பதுதான் என்னைத் தின்கிறது.

முடி வளர்ந்தது. ஆனால் பால் நிறத்தில் வளரவில்லை. மூன்று வாரத்தில் அந்தப் போஸ்ட்கார்டு முழுக்க கருங்காப்பி நிறத்தில் முளைத்துவிட்டது. முதலில் ஏதோ தோல் வியாதி என்று நினைத்தேன், பிறகு அதைவிட மோசமாக ஒன்று தோன்றியது. அந்த ட்ரிம்மரால்தான் நான் டை அடித்த மீசையை ஒதுக்குகிறேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஆறு வருஷமாக அடிக்கிறேன். அந்தச் சாயம் பிளேடில் தங்கி, ஆபீசரின் வேருக்குள் இறங்கிவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். ட்ரிம்மரை முகர்ந்து பார்த்தேன், ஆபீசரை முகர்ந்து பார்த்தேன், ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. என் மனைவியிடம் சொன்னதும் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே, “உங்க மீசையிலேயே பத்து நாள் நிக்காத சாயம், அது மேல மட்டும் வேர் வரைக்கும் போயிடுச்சாக்கும்” என்றாள். தர்க்கம் சரிதான். ஆனால் ஆறுதலாக இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன் அவளே லீவு போட்டு எங்கள் இருவரையும் பூனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா ஆபீசரைப் புரட்டிப் பார்த்துவிட்டு யார் சிரைத்தது என்று கேட்டார். கை தவறி என்று ஆரம்பித்தேன். “கை தவறி இல்ல டாக்டர், ரெயின்கோட் போட்டுக்கிட்டு” என்றாள் என் மனைவி. டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். இந்த வகைப் பூனைக்கு உடம்பில் சூடு உள்ள இடத்தில் முடி வெளுப்பாக முளைக்குமாம், குளிர்ந்த இடத்தில் கறுப்பாக முளைக்குமாம். காது, மூக்கு, வால், பாதம் எல்லாம் காற்றுப்பட்டுக் குளிர்ந்தே இருக்கிற இடம், அதனால்தான் கறுப்பு. நான் ஒரு இடத்தைச் சிரைத்து அதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். எங்கே படுக்கும் என்று கேட்டார். சிரைத்த இடம் எரியுமே என்று தினமும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் ஏசிக்கு நேர் கீழே படுக்கவைத்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். வியாதி இல்லை, வலி இல்லை, இந்த முடி உதிர்ந்து அடுத்தது வரும்போது பழைய நிறம் வந்துவிடும், ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றார். ஒரு வருஷம். நீங்கள் வருவதற்கு அப்போது இருபத்தாறு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா இதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று ஃப்ரிஜ் கதவை இன்னொரு தடவை வரி வரியாகப் படித்தேன். என் மனைவி பின்னால் வந்து நின்று, தாள் மூலையை நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு, “பின்பக்கம் என்ன எழுதியிருக்காங்க?” என்றாள். அத்தான், எனக்கு அந்தத் தாளுக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு என்பதே அதுவரை தோன்றவில்லை. போட்டோவுக்குப் பின்பக்கம் யாரும் பார்ப்பதில்லை, முப்பது வருஷப் பழக்கம். ஈரத்துணி வைத்து, வெந்நீர் ஒற்றி, ஒரு மணி நேரம் உரித்தோம். என் பசை அவ்வளவு லேசில் விடாது. பாதி வரிகள் ஃப்ரிஜ்ஜிலேயே தங்கிவிட்டன, மீதியில் இரண்டு இடம் தெளிவாக இருந்தது. ஒன்று: ‘வலது பக்கம் சீவ என் பழைய சால்வையை மடியில போட்டுக்கோ, தானா திரும்பிப் படுத்துக்குவான்.’ இன்னொன்று: ‘சிக்கு விழுந்தா கையால மெதுவா பிரி. கத்தரிக்கோல், ட்ரிம்மர் எதுவும் வைக்காதே, வச்ச இடம் கறுத்துப்போகும். நான் கண்டுபிடிச்சிடுவேன்.’

அந்தச் சால்வை கூடையோடு வந்திருந்தது. கூடை ஆடாமல் இருக்கச் சுற்றிய துணி என்று நினைத்து ஸ்டூடியோவில் லைட் ஸ்டாண்டுக்குப் போர்த்தியிருந்தேன். ஓடிப்போய் எடுத்துவந்து மடியில் விரித்தேன். ஆபீசர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, வலது பக்கத்தை மேலே காட்டிப் படுத்துக்கொண்டார். நாற்பது தடவை சீவினேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. முதல் நாளே பின்பக்கத்தைப் படித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

அந்த இடத்தை வெதுவெதுப்பாக வைக்கச் சொல்லியிருந்தாரே டாக்டரம்மா என்று பிறகு என் பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி, கால் வர நாலு ஓட்டை போட்டு ஆபீசருக்கு மாட்டினேன். மாட்டியதும் அவர் ஒரு அடி எடுத்து வைத்தார், நின்றார், அப்படியே வெட்டின மரம் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். கண் திறந்தபடி இருக்கிறது, அசைவு இல்லை. நான் போட்ட கூச்சலில் டியூஷன் டீச்சர் மேலே ஓடிவந்துவிட்டார். ஸ்வெட்டரைக் கழற்றியதும் எழுந்து, உதறிக்கொண்டு, சாப்பிடப் போனார். பூனைகளுக்குத் துணி போட்டால் இப்படித்தான் விழுமாம், டாக்டரம்மா போனில் சொன்னார். டீச்சர் என்னையும் ஸ்வெட்டரையும் பார்த்துவிட்டு, வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா என்று என் மனைவியிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன வெள்ளிக்கிழமை செய்ததுதான் குற்றம். காலையில் அக்கா, ‘இன்னிக்கு வலது பக்கம் ஒண்ணு அனுப்புடா, அவனை முழுசாப் பாத்து எவ்வளவு நாளாச்சு’ என்று கேட்டாள். ஸ்டூடியோவில் கூட்டம், எதிரே ஒரு குடும்பம் தலைவாரிக்கொண்டு நிற்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. இடது பக்கப் படம் ஒன்றை எடுத்து, கணினியில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டு, வலது பக்கம் என்று அனுப்பிவிட்டேன். ஒரு நொடி வேலை. அனுப்பிவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சாயங்காலம் கடையைச் சாத்தும்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆபீசருக்கு இடது காது நுனியில் ஒரு வெட்டு உண்டு அல்லவா, குட்டியாக இருந்தபோது சண்டையில் வாங்கியது, அக்கா தினமும் மருந்து போட்டு ஆற்றியது. படத்தில் அந்த வெட்டு வலது காதில் இருக்கிறது. யார் கண்ணில் படாவிட்டாலும் அவள் கண்ணில் படும்.

அக்கா பதிலுக்கு ஒரே வார்த்தைதான் அனுப்பினாள். ‘சரி.’

இன்றைக்கு நாலாவது நாள். சனிக்கிழமை படம் எங்கே என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், லவ் பேர்ட்ஸ் பறந்தபோது திட்டினாள், அடித்தாள், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அந்த ‘சரி’யை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று ஒரு வாடிக்கையாளரின் படத்தில் அவர் கன்னத்து மச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

அதனால் அத்தான், நீங்கள்தான் அக்காவிடம் பேச வேண்டும். ஒரேயடியாகப் போட்டு உடைக்காதீர்கள். குழந்தை தூங்கி, அவளும் சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பாருங்கள். முதலில் ஆபீசர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சொல்லுங்கள், அது உண்மை. எடை கூடியிருக்கிறது என்று சொல்லுங்கள், அதுவும் உண்மை. பிறகு மெதுவாக, இந்த வயதில் பூனைகளுக்கு இங்கே ஒன்று அங்கே ஒன்று கறுப்புத் திட்டு விழுவது சகஜம்தானே என்கிற மாதிரி ஆரம்பித்து, வேண்டாம். அது பொய். நிறைய ஆகிவிட்டது. உள்ளதையே சொல்லிவிடுங்கள். நான் சீவவில்லை, மறைத்தேன், படத்தைத் திருப்பினேன் என்று சொல்லுங்கள். பின்பக்கத்தைப் படித்த பிறகு தினமும் நாற்பது தடவை சீவுகிறேன் என்பதையும் ஒரு ஓரமாகச் சொல்லுங்கள். ஆபீசர் இப்போது என் மடியில் வலது பக்கம் மேலே தெரியும்படி படுத்திருக்கிறார், அதனால்தான் கையெழுத்து கோணலாக இருக்கிறது.

பேத்திக்கு எங்கள் இருவருடைய முத்தங்கள். நூறு வயது நோயில்லாமல் வாழட்டும், யாருடைய பொருளையும் காப்பாற்ற வேண்டிய நிலை மட்டும் அவளுக்கு வராமல் இருக்கட்டும். மகளுக்கும் மருமகனுக்கும் ஆசி. உங்களுக்கும், நீங்கள் பேசி முடித்த பிறகு அக்காவுக்கும், என் வணக்கம். இன்னும் பன்னிரண்டு நாளில் ரயில் நிலையத்தில் கூடையோடு நிற்பேன்.

தங்கள் அன்புக்கும் அக்காவின் மன்னிப்புக்கும் காத்திருக்கும்,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் இதை எழுதுகிறேன். நீங்கள் வருவதற்குள் ஒரு வெயிலாவது காட்டுவோம் என்று என் மனைவி இப்போதுதான் கூடை மெத்தையை எடுத்து உதறினாள். உள்ளேயிருந்து என் கேமரா மூடி, அவளுடைய மூன்று கிளிப், ஒரு சாவி, பிறகு ஒரு காதுக் கம்பியில் நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி ஒன்று விழுந்தது. உங்களுடையது. நீங்கள் ரயில் நிலையத்தில் பையைத் தடவியது இதற்குத்தான் போலிருக்கிறது. நீங்கள் தொலைத்த மூன்றாவது கண்ணாடி இது, அக்காவிடம் சொல்லப் பயந்து, கண் வலி, படிக்கக்கூடாது என்று ஏதோ சொல்லி இரண்டரை மாதமாக ஓட்டியிருக்கிறீர்கள். அது இல்லாமல் உங்களால் உங்கள் பெயரைக்கூடப் படிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

அப்படியானால் இதுவரை இதைப் படித்துக்காட்டிக்கொண்டிருப்பது யார் என்பதும் தெரிந்துவிட்டது. இத்தனை பக்கத்தை மாற்றி எழுத எனக்குத் தெம்பில்லை, இன்னொரு பொய்க்கும் தெம்பில்லை. அக்கா, தொண்டை வறண்டிருக்கும், கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள். வலது பக்கப் படம் இத்துடன் வைத்திருக்கிறேன், திருப்பவில்லை, காதைப் பார்த்துக்கொள். வந்ததும் எனக்கு எவர்சில்வர் டம்ளரே போதும். அத்தானை ஒன்றும் சொல்லாதே. அவருடைய மூக்குக்கண்ணாடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இடது பக்கம் மட்டும்.